சுமைதாங்கிக் கல்லும் இடுப்பு வலியும்

நெய்யாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அவ்வட்டாரத்து மக்கள் இட்ட பெயர் பொழி. அப்பொழியை அடுத்துக் கிடக்கும் ஊர் பொழியூர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடி அது. அதனைத் தாண்டினால் கொல்லங்கோடு, நீரோடி என்று குமரி மாவட்டத்துச் சிற்றூர்கள் தொடங்கிவிடுகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்ற நாம் வேற்று மாநிலத்தவர் ஆனது ரயிலேறிய பிறகு. பொழியூரிலும் பாறசாலையிலும் வாழும் தமிழரோ தம் வீட்டு வாசலை விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆனவர்கள்.

எல்லைக் கோட்டின் இருபுறத்திலும் மொழி மாறலாம். பழைய நடைபாதைகளின் ஓரத்தில் நிற்கும் ஒரு பொருள் மட்டும் மாறுவதில்லை. இரண்டு கருங்கற் தூண்களை நட்டு, அவற்றின் தலைமேல் நீண்ட கல்லொன்றைக் கிடத்தியிருப்பார்கள். ஏறத்தாழ ஒரு மனிதனின் தோளளவு உயரம் இருக்கும். தமிழர் அதனைச் சுமைதாங்கி என்பர். மலையாளத்தார் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் சொல்வர். அங்கமாலிக்கு அருகிலும் திருச்சூர் மாவட்டத்திலும் அத்தாணி என்ற பெயரிலேயே ஊர்கள் உண்டு. தமிழ் படித்தவர்க்கு அத்தாணி என்றதும் அரசன் கொலுவீற்றிருக்கும் மண்டபம்தான் நினைவில் எழும். மலையாளத்தில் அதே ஒலியுள்ள சொல் கூலியாள் தன் மூட்டையை இறக்கி வைக்கும் கல்லைக் குறிக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் இத்தகைய இடங்களில் சற்று நின்று மகிழாமல் அப்பால் செல்ல முடிவதில்லை.

இவ்வுரையின் பொருள் இடுப்பு வலி. அதற்கும் இந்தக் கல்லுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். வலி எதனால் வருகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பது பற்றி மருத்துவ உலகம் முந்நூறு ஆண்டுகளாக எண்ணி, மாற்றி, மறுபடியும் எண்ணி வந்திருக்கிறது. அம்முடிவுகளில் முக்கியமான சிலவற்றை இக்கல்லை நட்டவர்கள் அனுபவத்தால் அறிந்து, எழுதி வைக்காமல் நட்டு வைத்தார்கள். ஆதலின் கல்லிலிருந்தே தொடங்குவது முறை.

பொழியூர் கடற்புரத்து ஊர். அங்கு உழைப்பு என்பது பெரும்பாலும் இழுப்பதும் சுமப்பதும்தான். கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும்போது, இரு வரிசையாக நிற்கும் ஆட்கள் கயிற்றைப் பற்றிக் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து நடப்பார்கள். முழு உடலின் வலுவும் இடுப்பின் வழியாகவே கயிற்றுக்குச் செல்லும். மீன் கரைக்கு வந்ததும் பெண்களின் வேலை தொடங்கும். கடவத்தில் மீனை நிறைத்து, தலையில் சும்மாடு வைத்து, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைச் சந்தைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். மீன் கெடுவதற்குள் சேர வேண்டும். ஆகவே அது உலாவுகிற நடையன்று. உள்நாட்டிலிருந்து எதிர்ப்பக்கமாகத் தேங்காயும் கருப்பட்டியும் விறகும் மரச்சீனிக் கிழங்கும் தலைச்சுமையாகவே வரும். மரச்சீனி அங்கு ஏழை எளியவரின் உணவாகப் பரவியதற்கு 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவின் ஊக்கம் ஒரு பெருங்காரணம் என்பர். பசி தீர்ந்தது, தலைக்கு மற்றொரு சுமையும் சேர்ந்தது.

மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். நல்ல சாலைகள் இல்லாத காலம். வண்டி போகாத ஒற்றையடிப் பாதைகள். ஐம்பது, அறுபது கிலோ எடையைத் தலையில் ஏற்றுவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். ஏற்றியபின் தனி வழியில் களைப்புத் தோன்றினாலும் இறக்க முடியாது. இறக்கினால் மறுபடியும் தூக்கிவிட ஆளில்லை. இதுதான் சுமப்பவரின் பெருந்துன்பம். சுமையின் எடையைவிட, அதனைக் கீழிருந்து எடுக்கும் வேளையும் கீழே வைக்கும் வேளையுமே இடுப்பை முறிப்பவை. சுமைதாங்கி இந்த இரண்டையும் ஒழித்துவிட்டது. கல்லருகே வந்து, முழங்காலைச் சற்றே மடக்கி, தலையிலிருந்து மூட்டையைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் போதும். குனிய வேண்டா, பிறர் கையை எதிர்பார்க்க வேண்டா. இளைப்பாறியபின் அதே உயரத்திலிருந்து மறுபடியும் தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். பல இடங்களில் அருகிலேயே ஒரு கிணறும் ஒரு நிழல் மரமும் இருக்கும்.

சூலுற்ற நிலையில், பிள்ளை பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டிலும் தென்திருவிதாங்கூரிலும் வழக்கமாக இருந்தது. அவள் இறக்கி வைக்காமல் கொண்டுபோன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் பலரின் சுமையை இறக்க உதவினால் அவள் ஆறுதல் அடைவாள் என்பது நம்பிக்கை. நம்பிக்கையின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. ஒரு குடும்பத்தின் துயரம் ஊருக்குப் பயன்படும் பொருளாக மாறியது என்பதைக் கண்டு வியக்கலாம். அச்சொல்லின் ஆழத்தினால்தான் குடும்பப் பாரத்தைத் தாங்கும் மூத்த மகனையும் நாம் சுமைதாங்கி என்கிறோம். 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய திரைப்படம் ஒன்றும் அப்பெயர் பூண்டது.

கல்லைப் புகழும்போது, சுமை யார் தலையில் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றொரு முறை இருந்தது. சர்க்காருக்கும் கோயில்களுக்கும் வேண்டிய பொருள்களைத் தாழ்த்தப்பட்ட சாதியினர் கூலியின்றிச் சுமந்து சேர்க்க வேண்டும். அதிகாரிகளின் பயணத்திற்குப் பல்லக்கும் மஞ்சலும் மனிதர் தோளிலேயே சென்றன. இலண்டன் மிஷன் சங்கத்தார் எழுதி வைத்த குறிப்புகளில் ஊழியத்தைப் பற்றிய முறையீடுகள் மிகப் பல. நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பெற்ற அடிமை மக்கள் இன்னும் கீழான நிலையில் இருந்தனர். 1855-ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து விளம்பரம் பிறப்பித்தது. இம்மக்களின் இடுப்பு வலியை எந்த வைத்தியரும் ஏட்டில் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை. வலி என்று சொல்லிக்கொள்ளவும் ஒருவனுக்குச் சிறிது உரிமை வேண்டியிருக்கிறது.

சுமையைக் குறைக்க வேறொரு வழியும் தோன்றியது. அது நீர்வழி. 1860-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் காலத்தில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் கால்வாயால் இணைக்கும் நோக்கத்துடன் ஒரு பணி தொடங்கப்பெற்றது. அனந்த பத்மநாபர், விக்டோரியா அரசி, மார்த்தாண்டவர்மா ஆகிய மூவர் பெயரையும் சேர்த்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்றனர். ஊரார் சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய் என்பர். பூவாறு, பொழியூர்ப் பக்கத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்ற அக்கால்வாய், மண்டைக்காட்டை ஒட்டிய பகுதியோடு நின்றுவிட்டது. குமரி வரை அது போகவே இல்லை. ஆயினும் ஒரு வள்ளம் ஒரு நடையில் ஏற்றும் தேங்காயைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக எத்தனை ஆட்கள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அக்கால்வாய் எத்தனை முதுகெலும்புகளைக் காத்தது என்பது புலப்படும். 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த மாதவராவ் காலத்தில் சாலைகளும் சீர்பட்டன. வண்டிகள் ஓடத் தொடங்கின. கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

இனி மருத்துவரிடம் வருவோம். ஆங்கிலத்தில் பிடரிக்குக் கீழ் பிட்டம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நாமோ மேலே முதுகு என்றும் கீழே இடுப்பு என்றும் பிரிக்கிறோம். யாழ்ப்பாணத்தார் நாரி என்பர். மலையாளத்தார் நடு என்பர். அரசாங்கச் சுற்றறிக்கையில் முதுகு வலி என்று எழுதும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்கும். ஏனெனில் உலகத்தை வருத்தும் அந்த வலியில் பெரும்பகுதி விலாவெலும்புக்குக் கீழே, இடுப்பில் இருப்பது. நம் சித்த வைத்தியர் அதனை வாத நோய்களின் வகையில் அடக்கினர்; யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்கள் எண்பது என்று கணக்கிடுகிறது. தென்திருவிதாங்கூரில் வர்ம ஆசான்மார் எண்ணெயிட்டுத் தடவியும் கட்டுக் கட்டியும் சிகிச்சை செய்து வந்தனர், இன்றும் செய்கின்றனர். பிடித்துக்கொண்ட தசைக்குத் தடவல் சுகம் தருகிறது என்பதை மறுக்கக் காரணம் இல்லை.

மேனாட்டில், தொழிலால் வரும் நோய்களைப் பற்றி முதன்முதலில் முழுநூல் எழுதியவர் இத்தாலியரான பெர்னார்டினோ ராமசினி. 1700-இல் வெளிவந்த அந்நூலில் சுமைகூலிகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்; உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரர், செருப்புத் தைப்போர் முதலியோர் படும் துன்பத்தையும் தனியே எழுதினார். சுமப்பவனுக்கும் நோய், உட்கார்ந்திருப்பவனுக்கும் நோய் என்று அவர் அன்றே கண்டது நினைவில் வைக்கத் தக்கது. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்தியவரும் அவரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேறு திசையில் சென்றது. இங்கிலாந்தில் எலும்பு மருத்துவத்தின் முன்னோடியான ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டுக்கு நீண்ட, இடையறாத ஓய்வே மருந்து என்று வலியுறுத்தினார். காசநோயால் அழுகும் மூட்டுக்கு அது நல்ல அறிவுரை. காலப்போக்கில் அது சாதாரண இடுப்பு வலிக்கும் பொதுவிதியாகிவிட்டது. பலகைக் கட்டிலில் மூன்று வாரம், ஆறு வாரம் என்று படுக்கவைத்தார்கள். 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வலி காலுக்கு இறங்குகிறது என்று அறுவை மூலம் காட்டினர். அது மெய்யான கண்டுபிடிப்பு. ஆனால் அதன்பின், இடுப்பில் வலி என்றாலே டிஸ்க் விலகிவிட்டது என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டது. இன்று நுண்ணிய காந்தப் படங்கள் எடுத்துப் பார்க்கும்போது, எவ்வித வலியும் இல்லாதவரிடத்திலும் பிதுங்கிய வட்டுகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. தலை நரைப்பது போல் வட்டும் தேய்கிறது. தேய்ந்தவர் யாவருக்கும் வலிப்பதில்லை.

படுக்கை ஓய்வுக்கு என்ன ஆயிற்று? 1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு சாராருக்கு இரண்டு நாளும், மற்றொரு சாராருக்கு ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் குணமடைவதில் பின்தங்கவில்லை. வேலைக்கு மட்டும் முன்னதாகத் திரும்பினார்கள். 1995-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரத் தொழிலாளரிடையே நடந்த ஆராய்ச்சி இன்னும் தெளிவாக இருந்தது. படுத்தவர், தனிப் பயிற்சி செய்தவர், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர் ஆகிய மூவருள் மூன்றாமவரே விரைவில் தேறினர். நூறாண்டுக் காலம் மருத்துவர் விதித்த படுக்கை இவ்வாறு சரிந்தது.

இங்கேதான் நான் கல்லுக்குத் திரும்ப விரும்புகிறேன். சுமைதாங்கி தருவது படுக்கை ஓய்வு அன்று, வழியிடை ஓய்வு. சுமப்பவர் நடையை நிறுத்திவிடுவதில்லை. சுமையை இறக்கி, நிமிர்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் நடக்கிறார். ஓய்வுக்கும் முடங்கிக் கிடப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் படித்தவர்கள் ஒரு நூற்றாண்டைக் கழித்தார்கள் என்று சொன்னால் அது சற்றுக் கடுமையாக இருக்கலாம், பொய்யாக இராது.

குனிந்து தூக்குவது ஏன் கெடுதல் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். துலாக்கோலில் நிறுக்கும் பொருள் மிக அருகிலும் எடைக்கல் தொலைவிலும் இருந்தால், சிறு கல்லும் பெரும் பொருளைச் சமன் செய்யும். நம் முதுகிலும் அதுவே நிகழ்கிறது, நமக்குப் பாதகமாக. முதுகெலும்பின் அச்சுக்கும் அதனை நிமிர்த்தும் தசைக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். குனிந்து கை நீட்டி 50 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள 10 கிலோப் பையைத் தூக்கினால், தசை அதற்கு மட்டும் 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். குனிந்த உடலின் எடை வேறு. அவ்வளவும் வட்டின் மேல் அழுத்தமாக இறங்கும். அதே பையை உடலோடு அணைத்துத் தூக்கினால் விசை பாதிக்கும் கீழே குறையும். அமெரிக்கத் தொழில்நலத் துறையார் 1991-இல் திருத்தி வெளியிட்ட தூக்கும் கணக்கு, எல்லாம் சாதகமாக இருக்கும்போது 23 கிலோவை எல்லையாக வைத்து, பொருள் உடலை விட்டு விலகும்தோறும், தரைக்குத் தாழும்தோறும், உடல் திருகும்தோறும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது.

தலைச்சுமையில் இந்த நெம்புகோல் தொல்லை குறைவு. சுமை அச்சின் மேலேயே நிற்கிறது. 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்து நடந்தபோது கூடுதல் ஆற்றல் செலவிடவில்லை என்று கண்டு வியந்தார்கள். ஆனால் ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது பத்துக் கிலோ. மீன் கடவம் அந்த அளவில் நிற்பதில்லை. நெடுங்காலம் பெருஞ்சுமை சுமந்தவரின் கழுத்தெலும்பு தேய்ந்து கை மரத்துப்போவதும், இறக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொள்வதும் கடற்கரைக் கிராமங்களில் யாரும் அறியாத செய்தி அன்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகெங்கும் இடுப்பு வலியால் வருந்தியவர் 61.9 கோடிப் பேர். 2050-இல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டுள்ளனர். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் கிடைப்பதில்லை. காரணமே இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. காரணங்கள் பல சேர்ந்து வருகின்றன என்பதே பொருள். பளுவைத் தூக்குதல், ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தல், உடற்பயிற்சி இன்மை, மிகை எடை, புகைபிடித்தல், உறக்கக் குறைவு, மனக்கவலை, வேலையில் வெறுப்பு. கடைசி இரண்டையும் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். வலி கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. வலியை உணர்வது மூளை. கவலையுற்ற மூளை சிறு வலியையும் பெரிதாக அறிவிக்கிறது. தொலைவில் உள்ள தாய் தந்தையரை எண்ணி உறங்காத இரவுக்கு மறுநாள் இடுப்பு கனப்பது நம்மில் பலருக்குப் பழக்கமானதே.

சட்டமும் இவ்வழியில் மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் மனிதர் சுமக்கும் எடையைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதனோடு வந்த பரிந்துரை ஆடவருக்கு 55 கிலோவை உச்ச அளவாகக் கூறிற்று. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2010-இல் ஏற்றது. கேரளம் 1978-இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 2021-இல் அம்மாநில அமைச்சரவை, அவர்கள் சுமக்கும் உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 கிலோவாகவும் குறைக்க முடிவு செய்தது. மீன் விற்கும் பெண்களின் கதை வேறு. மீன் நாற்றம் என்று பேருந்தில் ஏற்ற மறுத்த காலத்தில், திருவனந்தபுரம் கடற்கரைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினர். 1980-களின் தொடக்கத்தில் அவர்களுக்கெனத் தனிப் பேருந்துகள் கிடைத்தன. 2021-இல் கேரளப் போக்குவரத்துக் கழகம் சமுத்ரா என்ற பெயரில் அவர்களுக்குக் கட்டணமில்லாத பேருந்துகளை விட்டது. இடுப்பு வலியைத் தடுக்கும் முறைகளைப் பட்டியலிடும் மருத்துவ நூல்களில் பேருந்து இடம்பெறுவதில்லை. என் கருத்தில் அது முதலிடம் பெறத் தக்கது. எப்படித் தூக்குவது என்று தொழிலாளிக்குப் பாடம் நடத்துவதால் மட்டும் வலி குறைவதில்லை என்பதை ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன; சுமையைக் குறைத்தால்தான் குறைகிறது.

தலைச்சுமை தூக்காத நம் செய்தி என்ன? நாற்காலியில் வாழ்பவர் நாம். சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில், இசைந்தவர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, சாய்மானமின்றி உட்கார்ந்திருப்பவரின் வட்டில் நிற்பவரைவிட அழுத்தம் மிகுதி என்று அறிவித்தார். 1999-இல் ஜெர்மானியர் மறுபடியும் அளந்தபோது, தளர்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே நேராக நிமிர்ந்து விறைத்து உட்கார் என்று பிள்ளைகளை அதட்டியது வீண். எந்த நிலையும் தன்னளவில் குற்றமுடையது அன்று. ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதே குற்றம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடந்து, தண்ணீர் குடித்து வருவது நம் சுமைதாங்கி. என் அலுவலகத்தில் நான் குடிநீர்ப் பாத்திரத்தை மேசையில் வைத்துக்கொள்வதில்லை. தாழ்வாரத்தின் கோடியில் உள்ள குழாயை நாடி நடக்கிறேன். மேலதிகாரி முதலில் ஐயுற்றார். இப்போது அவரும் நடக்கிறார்.

வீட்டிலும் சுமை உண்டு. சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ, உருளையின் இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். அதனைக் குனிந்து தூக்காமல், சாய்த்து விளிம்பில் உருட்டிச் செல்லலாம். ஊரிலிருந்து திரும்பும்போது நாம் கொண்டுவரும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையும், ஊறுகாய்ப் பரணிகளும், கருப்பட்டிப் பெட்டியும் ரயிலின் இருக்கைக்கு அடியில் செல்ல வேண்டுமெனில், இரவு முழுதும் உட்கார்ந்து விறைத்த உடம்போடு இறங்கும் நிலையத்தில் திடீரென்று இழுக்கலாகாது. முன்னதாக எழுந்து சிறிது நடந்து உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஒரே பெரிய மூட்டையை இரண்டாகப் பிரித்து இரு கைகளில் ஏந்துவது நல்லது. மேல்தட்டில் கனமான பெட்டியை ஏற்றுவதற்குப் பக்கத்தவரை அழைக்கலாம். மொழி தெரியாவிட்டாலும் இந்த உதவியைச் சைகையால் கேட்க முடியும். இடுப்பில் குடம் சுமக்கும் பெண்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் வைக்காமல் மாற்றி வைத்துக்கொள்வதும் பயன் தரும்.

வலி ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் வருவது இயல்பு. அதனைத் தள்ளிப்போடும் எளிய வழி ஒன்றை 2024-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வலியிலிருந்து தேறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடைப் பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் தந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நடப்பதே குறிக்கோள். நடந்தவர்க்கு வலி திரும்புவதற்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 208 நாள். மற்றவர்க்கு 112 நாள். நடைக்குச் செலவில்லை; மொழியும் வேண்டா.

முடிப்பதற்குமுன் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். ஆனால் கால் வலுவிழந்தாலோ, இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் அடங்காமல் போனாலோ, அல்லது சிறுநீர் கழிக்கவே இயலாமல் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் அவ்வலிமை திரும்பாமலே போகக்கூடும். விழுந்து அடிபட்டபின் வரும் வலியையும், முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய வலியையும் அவ்வாறே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாலைதோறும் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றோடு இடுப்போ முதுகோ இரவிலும் வலித்தால், அது முதுகெலும்பின் காசநோயாக இருக்கலாம். ஆங்கிலேய மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் விளக்கி எழுதிய நோய் அது. நம் நாட்டில் இன்றும் அரிதன்று. மருந்துகளை முழுக் காலத்துக்கும் உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வாறே. அத்தகைய வலிக்கு வீட்டிலேயே மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருத்தல் ஆகாது.